காப்புறுதி இல்லாத காரில் விபத்து, வழக்கும் வந்துவிட்டது: திவால் மனு பற்றி யோசிக்கும் முன்

காப்புறுதி முடிந்துபோன காரில் ஒரு மோட்டார் சைக்கிளை இடித்தாகிவிட்டது. சில மாதம் கழித்து அடிபட்டவரின் வழக்கறிஞரிடமிருந்து பதிவுத் தபால் வருகிறது. நம்மவர்களில் பலர் அந்தக் கடிதத்தை இழுப்பறையில் போட்டுவிட்டு இருந்துவிடுகிறார்கள். வேறு சிலர், "கட்ட என்கிட்ட என்ன இருக்கு? பேங்க்ரப்ட் ஆக்கினா ஆக்கிக்கட்டும்" என்று முன்கூட்டியே கையைத் தூக்கிவிடுகிறார்கள். இரண்டாலும் நஷ்டம் கூடுமே தவிரக் குறையாது.

மலேசியச் சட்டத்தில் திவால் என்பது கடைசியில் எடுக்க வேண்டிய முடிவு. அதையும் நஷ்டஈட்டுத் தொகையை நீதிமன்றம் எண்ணாகச் சொன்ன பிறகுதான் எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் திவாலானால், திவாலின் கஷ்டம் அத்தனையும் உங்களுக்கு வரும், விபத்துக் கடன் மட்டும் போகாது. ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

காப்புறுதி உண்மையிலேயே இல்லையா?

சாலை வரி காலாவதியானதைப் பார்த்து காப்புறுதியும் இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு. பாலிசியில் எழுதியிருக்கும் கடைசித் தேதியையும் விபத்து நடந்த தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஏஜெண்டின் வாய்வார்த்தை போதாது, நிறுவனத்திடமிருந்து எழுத்தில் கேளுங்கள். கார் உங்களுடையது இல்லை, நண்பருடையதோ மாமாவுடையதோ என்றால் அவருடைய பாலிசியைக் கேளுங்கள். உரிமையாளர் சம்மதத்தோடு ஓட்டியவரையும் அது பெரும்பாலும் உள்ளடக்கும். கம்பெனி லாரி அல்லது வேன் என்றால் முதலாளியும் வழக்கில் சேர வேண்டியவர். வேலை நேரத்தில் தொழிலாளி செய்த தவறுக்கு முதலாளி பொறுப்பேற்க வேண்டியிருக்கும்.

பாலிசி நடப்பில் இருந்தது, ஆனால் நீங்கள் ஏதோ நிபந்தனையை மீறிவிட்டீர்கள் என்றாலும் உடனே நம்பிக்கை இழக்க வேண்டாம். 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 96-ஆவது பிரிவின்படி, மூன்றாம் தரப்பினரின் உடற்காயத்துக்கும் மரணத்துக்கும் கிடைத்த தீர்ப்பைக் காப்புறுதி நிறுவனம் செலுத்த வேண்டிய நிலை வரலாம். பிறகு அந்தப் பணத்தை உங்களிடம் அது கேட்கலாம் என்பது வேறு விஷயம். அதனால் சம்மன் கைக்கு வந்ததும் நகலோடு நிறுவனத்துக்கு எழுதிவிடுங்கள்.

காப்புறுதி கிடையவே கிடையாது என்றால், அடிபட்டவர் மேற்கு மலேசிய மோட்டார் காப்புறுதியாளர் செயலகமான எம்ஐபியிடம் போகலாம். காப்புறுதியற்ற வாகனங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு அங்கே நஷ்டஈடு கிடைக்கும். அது பாதிக்கப்பட்டவருக்கான வழி, உங்களுக்கான மன்னிப்பு இல்லை. அங்கே பணம் கொடுத்தாகிவிட்டது என்பதற்காக உங்கள் பொறுப்பு மறைந்துவிடாது. அடுத்து உங்களைத் தேடி வருவது எம்ஐபியாக இருக்கலாம்.

காப்புறுதி இல்லாமல் ஓட்டியது தனிக் குற்றம். 90-ஆவது பிரிவின் கீழ் 1,000 ரிங்கிட் வரை அபராதம், 3 மாதம் வரை சிறை, ஓட்டுநர் உரிமத் தடை என்று போகும். திவாலானாலும் அந்த அபராதம் அப்படியே நிற்கும்.

கடிதமும் சம்மனும் வந்த பிறகு

முதலில் வருவது வெறும் கோரிக்கைக் கடிதம். அதற்குப் பதிலாக "என் தப்புதான், தவணையில் கட்டுகிறேன்" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அந்தச் செய்தி அச்சாகி நீதிமன்றத்துக்கு வந்துவிடும். போலீஸ் கொடுத்த சம்மனுக்கு கம்பவுண்ட் கட்டுவதற்கு முன்னாலும் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள். கட்டிய ரசீதை எதிர்த்தரப்பு எடுத்துக் காட்டப் பார்க்கும்.

போலீஸ் ஆவணங்களை உடனே வாங்கிவிடுங்கள்: இரண்டு தரப்பின் புகார்கள், ரஜா காசார் என்கிற சம்பவ இட வரைபடமும் அதன் குறிப்பும், படங்கள், விசாரணை முடிவு. கோலாலம்பூர் விபத்து என்றால் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் உள்ள போக்குவரத்து போலீஸிலும், பினாங்கு என்றால் புகார் செய்த மாவட்டத்தின் போக்குவரத்துப் பிரிவிலும் விசாரியுங்கள். டேஷ்கேம் பதிவு பழையதை அழித்துக்கொண்டே போகும், அதனால் கார்டைக் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள்.

ரிட் சம்மன், அதாவது வழக்கு தொடுத்தாகிவிட்டது என்று சொல்லும் நீதிமன்ற ஆவணம், வந்தால் கெடு ஓடத் தொடங்கிவிடும். 14 நாளுக்குள் ஆஜராகும் குறிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். அதற்கடுத்த 14 நாளுக்குள் எதிர்வாதம். செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு விபத்து வழக்கில் தொகை வரம்பே கிடையாது. அதனால் லட்சக்கணக்கில் கேட்கும் வழக்குகூட அங்கேதான் நடக்கும். "கீழ்க் கோர்ட்டுதானே" என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

இங்கேதான் அதிகப் பணம் வீணாகப் போகிறது. மோட்டார் சைக்கிள்காரர் சிவப்பு விளக்கில் வந்திருக்கலாம், இரவில் விளக்கில்லாமல் வந்திருக்கலாம். நியாயமாகப் பார்த்தால் பொறுப்பு 60-க்கு 40 என்று பிரிய வேண்டிய வழக்கு. நீங்கள் போகவே இல்லை என்றால் 100 விழுக்காடும் உங்கள் தலையில் விழும். ஆளில்லாமல் தீர்ப்பு கொடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால், அந்தத் தீர்ப்பு கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் ரத்து செய்ய மனு போட வேண்டும். அதையும் தவறவிட்டவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. இத்தகைய வழக்கில் முதல் தீர்ப்பு பொறுப்பு யாருடையது என்பதை மட்டும் சொல்லும், தொகையை நிர்ணயிக்கத் தனி விசாரணை வைப்பார்கள். அங்கே போய், வருமானச் சான்று எங்கே, இந்தத் தனியார் மருத்துவமனைச் செலவு தேவைதானா என்று கேட்கலாம். செஷன்ஸ் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போக 14 நாள்.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் சட்ட உதவித் துறையான ஜாபாத்தான் பந்துவான் குவாமானில் வருமானச் சான்றோடு போய்க் கேளுங்கள். தகுதி வருமானத்தைப் பொறுத்தது. வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இருக்கின்றன. வழக்கை எடுத்து நடத்தாவிட்டாலும் எங்கே போக வேண்டும் என்று சொல்லுவார்கள்.

எவ்வளவு வரும் என்று நீங்களே ஒரு கணக்குப் போடுங்கள்

திவால் தேவையா என்பது இந்த எண்ணைப் பொறுத்தது. எலும்பு முறிவு, தழும்பு, கால் குட்டையாவது போன்ற காயங்களுக்கு, வழக்கறிஞர் மன்றம் வெளியிட்ட காய நஷ்டஈட்டுத் தொகுப்பை நீதிபதிகள் வழிகாட்டியாக வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் வழக்கறிஞரிடம் அந்தப் பக்கங்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். எதிர்த்தரப்பு கேட்கும் தொகையும் அதில் இருக்கும் தொகையும் ஒன்றாக இருப்பது அபூர்வம்.

மரண வழக்கில் கணக்கு சட்டத்திலேயே இருக்கிறது. 2019 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள திருத்தத்தின்படி, இறந்தவருக்கு வயது 30 அல்லது அதற்குக் கீழ் என்றால் பெருக்கும் எண் 16. அதற்கு மேல் 59 வரை என்றால் 60-இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 40 வயதுக்காரர், மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம், தன் சொந்தச் செலவுக்கு 1,000 போக குடும்பத்துக்கு 2,000 கொடுத்தார் என்று வையுங்கள். 2,000-ஐ 12-ஆல் பெருக்கி, மறுபடி 10-ஆல் பெருக்கினால் 240,000. கணவனை அல்லது மனைவியை இழந்த துயரத்துக்கு 30,000. ஈமச் செலவு தனி. அதைச் சேர்க்காமலே 270,000. இறந்தவர் மீது 30 விழுக்காடு தவறு என்று நிரூபித்தால் அது 189,000 ஆகிறது. எதிர்வாதம் தாக்கல் செய்வதற்கு ஆகும் செலவை இந்த 81,000 வித்தியாசத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

தீர்ப்புக்குப் பிறகு ஆண்டுக்கு 5 விழுக்காடு வட்டி ஓடும். கார் சேதம் மட்டும் என்றால் தொகை சிறியது. பெரும்பாலும் எதிர்க்காரரின் காப்புறுதி நிறுவனம்தான் அவர் பெயரில் பழுதுச் செலவைக் கேட்கும். அதற்கெல்லாம் திவால் பேச்சே தேவையில்லை, பேரம் பேசித் தவணையில் முடியுங்கள்.

தொகை நிர்ணயமாகும் முன் மனு போட்டால் என்ன ஆகும்

அமெரிக்கக் காணொளிகளைப் பார்த்து, திவால் மனு போட்டதுமே வழக்கு நின்றுவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே அப்படி இல்லை. 1967 திவால் சட்டத்தின் 40-ஆவது பிரிவு, ஒப்பந்தமோ வாக்குறுதியோ நம்பிக்கை மோசடியோ இல்லாத விஷயத்தில் எழும், தொகை நிர்ணயமாகாத நஷ்டஈட்டுக் கோரிக்கையைத் திவால் கணக்கில் சேர்க்கவே முடியாது என்கிறது. சாலை விபத்து நேராக அந்தப் பட்டியலில் விழுகிறது.

இதன் பொருளை நிதானமாகப் பாருங்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது நீங்களே திவாலாகிறீர்கள். கிரெடிட் கார்டும் கார் கடனும் திவால் கணக்குக்குள் போகின்றன. விபத்துக் கோரிக்கை வெளியே நிற்கிறது. சில ஆண்டு கழித்து விடுவிப்பு கிடைக்கிறது, கார்டுக் கடன்களிலிருந்து விடுபடுகிறீர்கள். எதற்காக இத்தனையும் செய்தீர்களோ அந்தக் கடன் மட்டும் வட்டியோடு காத்திருக்கும். தீர்ப்பை நிறைவேற்றச் சட்டம் 12 ஆண்டு அவகாசம் கொடுக்கிறது. தாக்கல் செய்த மனுவை நீதிமன்ற அனுமதியில்லாமல் திரும்பப் பெறவும் முடியாது.

ஆகவே வரிசை இதுதான்: வழக்கை எதிர்த்து நடத்துங்கள், பொறுப்பைப் பிரியுங்கள், தொகை எண்ணாகட்டும். அதற்குப் பிறகு திவாலா, தவணையா, சமரசமா என்று உட்கார்ந்து பாருங்கள்.

100,000 ரிங்கிட் கோடு

2021 செப்டம்பர் 1 முதல், கடன் 100,000 ரிங்கிட்டுக்குக் குறைவாக இருந்தால் கடன்காரர் உங்கள் மேல் திவால் மனு போட முடியாது. பழைய 50,000 கணக்கை இன்னும் சொல்லிப் பயமுறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம். ஆனால் வட்டியை மறந்துவிடாதீர்கள். 92,000 ரிங்கிட் தீர்ப்புக்கு ஆண்டுக்கு 4,600 வட்டி. ஒன்றும் கட்டாமல் இருந்தால் இரண்டு ஆண்டுக்குள் அது கோட்டைத் தாண்டிவிடும். கோட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர் மாதம் 400 கட்டினாலே ஏறுவது நின்றுவிடும். அதை வங்கி வழியாகக் கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டுக்குக் கீழே இருந்தால் தொல்லை இல்லை என்று அர்த்தமில்லை. வங்கிக் கணக்கை முடக்கலாம், பொருள்களை ஜப்தி செய்து ஏலம் விடலாம், கடனாளி சம்மன் அனுப்பி நீதிபதி முன் உங்கள் வருமானத்தை விசாரிக்கலாம். கடைசியாகச் சொன்னதைக் கண்டு ஓட வேண்டாம். சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, பிள்ளைகளின் பள்ளிச் செலவு எல்லாவற்றையும் கோப்பாக அடுக்கிக்கொண்டு போனால், உங்களால் தாங்கக்கூடிய தவணையை நீதிமன்றமே போட்டுக் கொடுக்கும் இடம் அது. போகாமல் இருந்தால்தான் கைது ஆணை வரை போகும்.

கோட்டுக்கு மேல் என்றால் திவால் நோட்டீஸ் வரும். கைக்கு வந்ததிலிருந்து 7 நாள்தான். அதற்குள் கட்ட வேண்டும், அல்லது ஏற்பாடு செய்ய வேண்டும், அல்லது எதிர்க்க வேண்டும். சும்மா இருந்தால் அதுவே, மனு போட அடிப்படையாகிற திவால் செயலாகி, அடுத்த 6 மாதத்துக்குள் மனு போட வழி திறந்துவிடும். நேரில் கொடுக்க முடியாவிட்டால் நாளிதழில் விளம்பரம் போட்டும் கடைசி முகவரியில் ஒட்டியும் கொடுத்ததாகக் கணக்கு வைப்பார்கள். மைகார்டில் இன்னும் பழைய தோட்ட வீட்டு முகவரியே இருக்கிறவர்கள், விமான நிலையக் கவுண்டரில்தான் தாங்கள் திவாலானதைத் தெரிந்துகொள்கிறார்கள். முகவரியை இந்த வாரமே மாற்றுங்கள்.

சமரசமும் தன்னார்வ ஏற்பாடும்

திவால் ஆணை வரும் முன் சட்டம் தரும் இன்னொரு வழி தன்னார்வ ஏற்பாடு. 2017 திருத்தத்தில் வந்தது. ஒரு கணக்காளரையோ வழக்கறிஞரையோ நியமனராக வைத்து, இவ்வளவு தொகையை இத்தனை மாதத்தில் கட்டுகிறேன் என்று திட்டம் போட்டு உயர் நீதிமன்றத்தில் இடைக்கால ஆணை கேட்க வேண்டும். அந்த ஆணை 90 நாள் நிற்கும். அதுவரை திவால் மனு நகராது. பிறகு கடன்காரர்கள் கூடி வாக்களிப்பார்கள். எண்ணிக்கையில் பெரும்பான்மையும் தொகையில் நான்கில் மூன்று பங்கும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

விபத்துக் கடன் 189,000, கார்டுக் கடன் 30,000 என்றால் தொகையில் சுமார் 86 விழுக்காடு அடிபட்ட குடும்பத்தின் கையில் இருக்கிறது. அவர்கள் தலையசைக்காமல் ஒன்றும் நடக்காது. நியமனருக்குக் கட்டணம் கட்டுவதற்கு முன்னால் அவர்களுடைய வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள். உங்களிடம் உண்மையிலேயே என்ன இருக்கிறது என்ற பட்டியலைக் கொடுத்தால் பல வழக்கறிஞர்கள் இறங்கி வருவார்கள். திவாலான ஆளிடமிருந்து தங்கள் கட்சிக்காரருக்கு எவ்வளவு சொற்பம் கிடைக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஒத்துக்கொண்டால் எழுத்தில் இருக்க வேண்டும். முழுமையான இறுதித் தீர்வு என்ற வாசகம், தவணைத் தேதிகள், வட்டி நிற்கிறதா இல்லையா, கடைசித் தவணை கட்டியதும் எத்தனை நாளில் தீர்ப்பு நிறைவேறியதாகக் கடிதம் கொடுப்பார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். அடிபட்டவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் நீதிமன்ற ஒப்புதல் இல்லாத சமரசம் செல்லாது. கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகேயின் கடன் நிர்வாகத் திட்டம் வங்கிக் கடன்களுக்குத்தான், விபத்துத் தீர்ப்பு அதில் சேராது. ஆனால் மற்றக் கடன்களை அங்கே சீர்செய்தால் இதற்குக் கட்ட மாதம் கொஞ்சம் மிஞ்சும். ஆலோங் எனப்படும் சட்டவிரோத வட்டிக்காரனிடம் வாங்கி இந்தக் கடனை அடைக்கவே அடைக்காதீர்கள். நீதிமன்றத்தின் 5 விழுக்காடு ஆண்டுக்கு, அவன் வட்டி அப்படி இல்லை.

சொத்தை மாற்றி எழுதும் யோசனை

கடிதம் வந்ததும் வீட்டை மனைவி பெயருக்கு மாற்றச் சொல்லும் உறவினர் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். இலவசமாக எழுதிக் கொடுத்த 2 ஆண்டுக்குள் நீங்கள் திவாலானால் அந்த மாற்றம் செல்லாது. 2-க்கும் 5-க்கும் இடையில் என்றால், எழுதிய நேரத்தில் அந்தச் சொத்து இல்லாமலே எல்லாக் கடனையும் கட்டும் வசதி இருந்தது என்று நிரூபிக்க வேண்டும். விபத்துக்கு மறுமாதம் எழுதியவர் அதை எப்படி நிரூபிப்பார்? மனுவுக்கு முந்தைய 6 மாதத்தில் மைத்துனர் கடனை மட்டும் முந்தி அடைத்தாலும் அதைத் திருப்பி வாங்கச் சட்டம் உண்டு.

ஊழியர் சேமநிதியில் கிடக்கும் பணம் பத்திரமானது, கடன்காரரும் திவால் துறையும் தொட முடியாது. வெளியே எடுத்து வங்கியில் போட்டால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. பதற்றத்தில் அதை எடுக்காமல் இருப்பதே நல்லது.

திவாலானால் அன்றாடம் எப்படி இருக்கும்

வீட்டில் உங்கள் பங்கு, சேமிப்பு, பங்குகள் எல்லாம் திவால் துறைத் தலைமை இயக்குநரின் பொறுப்புக்குப் போகும். கணவன் மனைவி பெயரில் கூட்டாக இருக்கும் வீட்டில் உங்கள் பாதி விற்பனைக்கு வரலாம். தொழில் கருவிகளுக்கும் உடுதுணி படுக்கைக்கும் ஓரளவு விலக்கு உண்டு. சம்பளத்திலிருந்து மாதப் பங்களிப்பை அதிகாரி நிர்ணயிப்பார். குடும்பச் செலவைச் சான்றுகளோடு முதல் சந்திப்பிலேயே கொடுத்தால் தாங்கும் தொகையாக வரும், தோராயமாகச் சொன்னால் பிறகு குறைக்க அலைய வேண்டும். அனுமதியில்லாமல் நாட்டை விட்டுப் போக முடியாது. சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவருக்கு இதுவே வேலை இழப்பு. நிறுவன இயக்குநராக இருக்க முடியாது, சொந்த வியாபாரத்துக்கும் வங்கிக் கணக்குக்கும் அனுமதி வேண்டும். திவாலை மறைத்துக் கடன் வாங்கினால் குற்றம்.

இதையெல்லாம் தாங்கியும் திவால் பொருந்துகிற ஆள் யார்? தீர்ப்புத் தொகை ஆயுள் சம்பாத்தியத்துக்கு எட்டாதது, வீடு இல்லை, சேமநிதியைத் தவிர வேறு சேமிப்பு இல்லை, வெளிநாட்டுப் பயணமோ தொழிலோ தேவைப்படாத மாதச் சம்பள வேலை, அடிபட்டவர் சமரசத்துக்கு வரவில்லை. இவர் தானே உயர் நீதிமன்றத்தில் கடனாளி மனு போடலாம். கோலாலம்பூரில் ஜாலான் டூத்தா நீதிமன்ற வளாகம், பினாங்கில் லெபு லைட். சொத்து-கடன் விவர அறிக்கையில் ஒன்றையும் விடக் கூடாது, தாத்தா நிலத்தில் உள்ள பங்கையும் சேர்த்து. சொந்த வீடு இருக்கிறவரும் கடை நடத்துகிறவரும் எவ்வளவு கஷ்டப்பட்டாலும் தவணைப் பக்கம் போவதே மேல்.

விடுவிப்பு

விவர அறிக்கை கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டில், பங்களிப்பும் வரவு-செலவுக் கணக்கும் ஒழுங்காக இருந்தால், தானாக விடுவிப்பு கிடைக்க வழி இருக்கிறது. அறிக்கையைத் தாமதித்தால் அந்த 3 ஆண்டு தொடங்கவே தொடங்காது. பத்து ஆண்டாகியும் திவாலாகவே இருக்கிற பலருக்கு நேர்ந்தது இதுதான். 5 ஆண்டுக்குப் பிறகு தலைமை இயக்குநரின் சான்றிதழ் வழியாகவும் கேட்கலாம். 2023 அக்டோபர் 6-இல் நடப்புக்கு வந்த திருத்தம் 70 வயதை எட்டியவர்களுக்கும் மனநலப் பாதிப்பு உள்ளவர்களுக்கும் இந்த வழியை எளிதாக்கியது. முழுக் கடனையும் யாராவது அடைத்துவிட்டால் திவால் ஆணையையே ரத்து செய்யக் கேட்கலாம்.

விடுவிப்புச் சான்றிதழ் கிடைத்ததும் நாலைந்து உறுதிப்படுத்திய நகல் எடுத்து, குடிநுழைவுத் துறை, வங்கி, கடன் தகவல் நிறுவனமான சிடிஓஎஸ் மூன்றுக்கும் நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். பயணச் சீட்டு எடுப்பதற்கு முன் கடப்பிதழில் தடை நீங்கியதா என்று குடிநுழைவுத் துறையில் பார்த்துக்கொள்ளுங்கள்.